புதையலும் முகமூடியும்: எல்லைப்புற நீதி குறித்த ஓர் அறவியல் நோக்கு

புதைந்து கிடந்த பொருள் யாருக்கு உரியது என்பது ஒரு வினா. குற்றம் செய்தவனை ஒறுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பது மற்றொரு வினா. அமெரிக்க மேற்குப்புலத்தைக் களமாகக் கொண்ட வானொலிச் சாகசக் கதைகள் இவ்விரு வினாக்களையும் ஒன்றாகப் பிணைத்தன. சுரங்கத்தின் வரைபடம், களவாடப்பட்ட உரிமைப் பத்திரம், முதியவன் ஒருவன் சாகும் தறுவாயில் சொல்லிச் சென்ற மறைவிடம் என ஏதேனும் ஒன்றில் தொடங்கும் கதை, துப்பாக்கி ஏந்திய ஒருவன் நீதியை நிலைநிறுத்துவதில் முடியும். இவ்வகையில் பெரும்புகழ் பெற்ற ‘லோன் ரேஞ்சர்’ தொடரை முன்வைத்து, தனிமனிதன் வழங்கும் நீதி எந்நிலையில் நீதியாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

டெட்ராய்ட் நகரின் டபிள்யூ.எக்ஸ்.ஒய்.இசட். வானொலி நிலையத்தில் 1933 சனவரியில் இத்தொடர் தொடங்கிற்று. நிலைய உரிமையாளர் ஜார்ஜ் டிரெண்டில். கதைகளை எழுதியவர்களுள் முதன்மையானவர் பிரான் ஸ்டிரைக்கர். 1954 செப்டம்பர் வரை ஏறத்தாழ 3000 பகுதிகள் ஒலிபரப்பாயின. கொள்ளையர் பதுங்கித் தாக்கியதில் டெக்சஸ் ரேஞ்சர் காவலர் அறுவர் வீழ்கின்றனர். குற்றுயிராய்க் கிடந்த ஒருவனை டோன்டோ என்னும் பழங்குடித் தோழன் காப்பாற்றுகிறான். அறுவரும் மாண்டனர் எனப் பகைவர் நம்புமாறு ஆறு புதைகுழிகள் அமைக்கப்படுகின்றன. உலகின் கணக்கில் இறந்துபோன அந்த ஒருவன் முகமூடி அணிந்து புறப்படுகிறான்.

அவனுக்குப் படைப்பாளர் விதித்த கட்டுப்பாடுகள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. அவன் கொல்வதற்காகச் சுடுவதில்லை. பிடிபட்டவனைத் தானே தண்டிக்காமல் சட்டத்தின் கையில் ஒப்படைக்கிறான். மீட்டுத் தந்த பொருளிலிருந்து பரிசு பெறுவதில்லை; நன்றி கூறப்படுமுன் மறைந்து விடுகிறான். சட்டத்திற்கு வெளியே நிற்கும் ஒருவனை அறவோனாகக் காட்ட வேண்டுமாயின், அவனிடமிருந்து ஆதாயத்தையும் பெயரையும் உயிர்பறிக்கும் அதிகாரத்தையும் நீக்கியாக வேண்டும் என்பதை ஸ்டிரைக்கர் நன்கு உணர்ந்திருந்தார் எனலாம். (கூலி பெறாத இந்நாயகனின் பெயரால், 1947இல் காலையுணவுத் தானியப் பெட்டியின் மேல்மூடியும் 15 சென்டும் அனுப்பிய சிறுவர்க்கு ‘அணுகுண்டு மோதிரம்’ அனுப்பப்பட்டது என்பதையும் மறத்தற்கில்லை.)

எனினும், இக்கட்டுப்பாடுகளினும் வலியதொன்று இத்தொடரின் அறத்தைத் தாங்கி நிற்கிறது. அது கேட்பவரின் அறிவு. இத்தகைய கதைகளில் வில்லன் தன் கூட்டாளியிடம் சூழ்ச்சியை எடுத்துரைப்பதை நாம் முதலிலேயே கேட்டு விடுகிறோம். புதையல் யாருடையது, கொன்றவன் யார் என்பதில் நமக்கு ஐயமே இல்லை. முகமூடி மனிதன் குற்றவாளியை மடக்கும்போது அவன் செய்வது சரி என நாம் கொள்வதற்குக் காரணம், அவன் திரட்டிய சான்று அன்று; நாமே செவியால் கண்ட சாட்சியாக இருப்பதுதான். நீதிமன்றத்தின் கடினமான பணி உண்மையை அறிதல். அப்பணி முடிந்த பிறகே இக்கதையில் நீதி தொடங்குகிறது.

மெய்யான எல்லைப்புறத்தில் அவ்வாறு கேட்டுக்கொண்டிருந்த செவி எதுவும் இல்லை. இன்றைய மொன்டானா மாநிலத்திலுள்ள பேனக் என்னும் தங்கச் சுரங்க ஊரில் 1863இல் ஷெரீப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஹென்றி பிளம்மர். பொன்வண்டிகளைக் கொள்ளையிட்ட கும்பலின் மறைமுகத் தலைவர் அவரே எனக் கருதிய குடிமக்கள் குழு, 1864 சனவரி 10ஆம் நாள் விசாரணை ஏதுமின்றி அவரைத் தூக்கிலிட்டது. அக்குளிர்காலத்தில் இவ்வாறு இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவரது எடைக்குப் பொன் தருவதாக மன்றாடினார் என்றும், கொள்ளைப்பொன் எங்கோ புதைந்து கிடக்கிறது என்றும் கதைகள் வழங்குகின்றன. அக்குழுவின் செயலைப் போற்றும் நூலைத் தாமஸ் டிம்ஸ்டேல் உடனடியாக எழுதினார். பிளம்மர் குற்றவாளிதானா எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் ஐயுறுவர். 1993இல் மொன்டானாவில் அவருக்கு நடத்தப்பட்ட மரணத்திற்குப் பிந்தைய மாதிரி விசாரணையில் நடுவர் குழு ஆறுக்கு ஆறு எனப் பிளவுபட்டது.

கலிபோர்னியாவின் சுரங்க ஊரான கிராஸ் வேலியில் 1855இல் பிறந்து ஹார்வர்டில் மெய்யியல் கற்பித்த ஜோசையா ராய்ஸ், 1886இல் வெளியிட்ட ‘கலிபோர்னியா’ என்னும் நூலில் இத்தகைய நீதியைக் கடுமையாக மதிப்பிட்டார். பொன் தேடுவதில் மூழ்கிப் பொதுக்கடமைகளைப் புறக்கணித்த சமூகம், அப்புறக்கணிப்பின் விளைவுகளைத் தூக்குக்கயிற்றால் துடைக்க முயன்றது என்பது அவர் வாதத்தின் சாரம். குற்றவாளியைக் காட்டிலும் சமூகத்தை நோக்கியே அவர் விரல் நீள்கிறது.

ஐயமே சான்றாக மாறும் இவ்விடர் அரசில்லா நிலத்திற்கு மட்டும் உரியதன்று. சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதி கூறும் வார்த்திகன் வரலாறு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. திருத்தங்காலில் பராசரன் என்னும் அந்தணன் தந்து சென்ற அணிகலன்களை வார்த்திகனின் சிறுவன் அணிந்திருந்தான். அதுகண்டு பொறாதவர்கள் அது புதையற்பொருள் எனக் கூறி வார்த்திகனைச் சிறையிட்டனர். கொற்றவை கோயிற் கதவு திறவாமை கண்டு மன்னன் ஆராய்ந்தான், பிழையை உணர்ந்தான், வார்த்திகனை விடுவித்ததோடு, பிறர் இட்ட பொருளும் கண்டெடுத்த படுபொருளும் பெற்றவர்க்கே உரியன என ஆணையிட்டான். இங்கும் உண்மை படிப்போர்க்கு முன்னரே தெரியும். ஆயினும் தவற்றுக்குப்பின் ஆள்வோன் ஆராய்ந்தது குற்றவாளி யார் என்பதோடு நிற்கவில்லை; புதையலின் உரிமை யாருக்கு என்ற விதியையே அவன் மாற்றினான். இதற்கு மாறாக, திருக்குறளின் 756ஆம் குறள் உறுபொருளை வேந்தனுக்கு உரியதாக்குகிறது. உடையவர் இல்லாமையால் தானே வந்து சேரும் பொருள் என்னும் கருத்துப்படவே பரிமேலழகர் அதற்கு விளக்கம் தருகிறார்.

உடையவர் இல்லாமை என்னும் இந்நிபந்தனையே லோன் ரேஞ்சர் கதையில் வினவப்படாமல் விடப்பட்டது. நாயகனின் துப்பாக்கிக் குண்டுகள் வெள்ளியால் ஆனவை. உயிரும் வெள்ளியைப் போல் விலைமதிப்புடையது, எளிதில் செலவிடத் தகாதது என நினைவூட்டவே அவை. அவ்வெள்ளி அவனுக்கும் அவன் தமையனுக்கும் உரிய சுரங்கத்திலிருந்து வருகிறது. பரிசை மறுக்கும் அவன் துறவு இச்சுரங்கத்தின் மீது நிற்கிறது. பிறர் புதையலுக்கு உரியவர் யார் என வாரந்தோறும் தேடித் தந்த தொடர், அந்நிலத்தடி வெள்ளிக்கு முன்பு உரியவர் இருந்தனரா எனக் கேட்கவில்லை. அருகிலேயே டோன்டோ இருந்தும் கேட்கவில்லை என்பதே வியப்பு.

இவ்வினா கற்பனைக்கு மட்டும் உரியதன்று. 1868இல் லாரமி கோட்டையில் செய்யப்பட்ட உடன்படிக்கை பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியை சூ மக்களுக்கு உரியதென ஏற்றது. 1874இல் கஸ்டரின் படைக்குழு அங்குப் பொன் இருப்பதைக் கண்டறிந்தது. 1877இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமியற்றி அம்மலையை எடுத்துக்கொண்டது. அங்குள்ள ஹோம்ஸ்டேக் சுரங்கம் 2002 வரை இயங்கி ஏறத்தாழ 4 கோடி அவுன்சு பொன்னை ஈந்தது. ஒரு நூற்றாண்டு கழிந்து, 1980இல், அம்மக்களுக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு என அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1 கோடியே 71 லட்சம் டாலரும் 1877 முதலான வட்டியும் அவர்களுக்கு உரியனவாயின. சூ மக்கள் அத்தொகையைப் பெற மறுத்தனர். அவர்கள் கேட்டது மலையை. வட்டியோடு வளர்ந்து நூறு கோடி டாலரைக் கடந்துவிட்ட அப்பணம், எடுப்பாரின்றி அரசின் கணக்கில் கிடக்கிறது.