அனுமதிக் கடிதமும் சம்மதமும்

சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையை ஆவணப்படத்தில் காட்டுவதற்குச் சிற்பியின் வாரிசுகளிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பொது இடத்தில் நிலையாக வைக்கப்பட்ட சிற்பத்தைப் படத்தில் சேர்ப்பது உரிமை மீறல் ஆகாது என்கிறது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். கேமராவைக் கொஞ்சம் திருப்பினால், துண்டை விரித்து உறங்கும் ஓர் உழைப்பாளியும் காட்சிக்குள் வந்துவிடுவார். அவரிடம் கேட்க வேண்டுமா?

தெருவில் படம் எடுக்க மாநகராட்சியும் காவல் துறையும் அனுமதி தருகின்றன. ரயில் நிலையத்துக்கு ரயில்வேயிடமும், பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்குத் தொல்லியல் துறையிடமும் போக வேண்டும். டிரோன் பறக்கவிடுவதற்குத் தனி விதிகள் உண்டு. இந்த அனுமதிகள் எல்லாம் இடத்தைப் பற்றியவை. போக்குவரத்து தடைபடாது, கட்டடம் சேதமாகாது என்பதற்கே அவை பொறுப்பு. உறங்குகிறவர் சார்பில் சம்மதம் கொடுக்கும் அதிகாரம் எந்த அலுவலகத்துக்கும் கிடையாது.

தனிமனிதரைச் சட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் தனிமையில் விடப்படும் உரிமையை ஏற்றுக்கொண்டது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. பெண்ணின் அந்தரங்கச் செயலை மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் அந்தப் பிரிவு, அந்தரங்கம் கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய இடத்தை வைத்தே அதை அளக்கிறது.

சிக்கல் இங்கேதான். வீடு உள்ளவருக்குத் தெரு என்பது கடந்து போகும் வழி. பார்வை பிடிக்காவிட்டால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். நடைபாதையில் குடியிருப்பவருக்குச் சமையலும் குளியலும் குழந்தைக்குப் பால் கொடுப்பதும் அதே தெருவில்தான். பழைய சேலையை இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டி அவர் எழுப்பும் மறைப்பும் சுவரே. பொது இடம்தானே என்று சொல்லி அதற்குள் கேமராவை நீட்டுவது, அவருடைய வறுமையையே நமக்கான அனுமதியாக்குவது.

ஆனந்த் பட்வர்தன் 1985-இல் எடுத்த 'பாம்பே அவர் சிட்டி' படத்தில், குடிசை இடிக்கப்பட்ட ஒரு பெண் படமெடுப்பவரையே எதிர்த்துக் கேட்கிறார். எங்களைப் படம் பிடித்து நீங்கள் பெயர் வாங்குவீர்கள், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதே அவர் கேள்வியின் சாரம். பட்வர்தன் அந்தக் காட்சியை நீக்காமல் படத்திலேயே வைத்தார். ஆவணப்படம் எடுக்கும் ஒவ்வொருவரும் பதில் சொல்லக் கடமைப்பட்ட கேள்வி அது.

ஒவ்வொரு முகத்துக்கும் சம்மதம் வேண்டுமென்றால் ஆவணப்படமே பிறக்காது என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. தடியடி நடத்தும் காவலரும் லஞ்சம் வாங்கும் அதிகாரியும் சம்மதிக்கப் போவதில்லை. அவர்களிடம் கேட்கவும் வேண்டியதில்லை. பதவியின் பெயரால் செய்வதற்கு மக்கள் முன் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும். 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் பொது ஊழியரின் பணிசார்ந்த செயல்களைத் தனியே பிரித்தே பார்க்கிறது. ஊர்வலத்தில் கொடி பிடித்து வருகிறவர் பிறர் பார்க்க வேண்டுமென்றே வருகிறார். ஆனால் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கப்படும் தொழிலாளியின் நிலை வேறு. இறக்கிவிட்ட ஒப்பந்ததாரரின் முகத்தைத் தயங்காமல் காட்டலாம். தொழிலாளியின் முகம் அவருடையது. அதைக் காட்டினால்தான் ஊர் விழிக்கும் என்பது உண்மையாகவே இருக்கலாம். மறுநாள் பள்ளியில் அவர் பிள்ளை கேட்கப்போகும் பேச்சும் உண்மைதான். அந்த விலையைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவருக்கு மட்டுமே உரிமை உண்டு.

வாசிக்கத் தெரியாதவரிடம் ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவதும் சம்மதம் ஆகாது. படம் எங்கே திரையிடப்படும், இணையத்தில் ஏறினால் திரும்ப எடுக்க முடியாது என்பதையெல்லாம் அவர் மொழியில் சொல்ல வேண்டும். முடியாது என்று சொன்னாலும் அவருக்கு இழப்பு ஏதும் வராது என்பது உறுதியாக இருக்க வேண்டும். படத்தொகுப்பு முடிந்ததும் அவர் வரும் பகுதியை அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில் பிள்ளையைப் பறிகொடுத்துக் கதறிய தாயிடம் அந்த நேரத்தில் போய்ச் சம்மதம் கேட்க முடியாது. அப்படிப்பட்ட வேளையில் தள்ளி நின்று எடுக்கலாம், பிறகு கேட்கலாம், மறுத்தால் அழித்துவிட வேண்டும்.

தெருவில் நிற்கிறவருக்கு அதிகாரம் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்குப் படமெடுப்பவரின் கடமை கூடுகிறது. சட்டம் தடுக்கவில்லை என்பது தொடங்குவதற்குப் போதும், வெளியிடுவதற்குப் போதாது. திரைப்பட விழாக்களும் தொலைக்காட்சிகளும் காவல் துறையின் அனுமதிக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், படத்தில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டாரா என்றும் கேட்கட்டும்.