தந்தையின் அணியும் மகனின் தெரிவும்

ஒருவன் எந்த உதைபந்தாட்ட அணியை ஆதரிக்கின்றான் என்பது சிந்தனைக்குரிய பிரச்சினையா என்று சிலர் நகைக்கலாம். ஆயின், இங்கிலாந்தின் துறைமுக நகரமாகிய லிவர்பூலின் தொழிலாளர் குடும்பங்களில் அது நகைப்புக்குரிய விடயமன்று. காணியோ பணமோ இல்லாத தந்தை தன் மகனுக்கு விட்டுச் செல்லக்கூடியவை மிகச் சில. அவற்றுள் ஒன்று ஓர் அணியின்மீது வைத்த பற்று. எவர்ட்டன் கழகத்தின் நீல நிறத்தை வாழ்நாள் முழுதும் போற்றியவரின் பிள்ளை, லிவர்பூல் கழகத்தின் சிவப்புச் சால்வையைக் கழுத்திலே சுற்றிக்கொண்டு வந்து நிற்கும்போது, தன் ஒரே முதுசத்தையும் அவன் மறுத்துவிட்டானே என்று தந்தையின் மனம் நோகின்றது. அந்த நோவு நியாயமானதா?

முதலில் இம்முதுசத்தின் வரலாற்றை நோக்குவோம். 1878 இல் ஒரு மெதடிஸ்த தேவாலயத்தைச் சார்ந்தோர் தொடங்கிய கழகமே பின்னர் எவர்ட்டன் எனப் பெயர் பெற்றது. அது அன்பீல்ட் மைதானத்தில் ஆடிவந்த காலத்தில், கழகத் தலைவரும் மதுபான உற்பத்தியாளருமான ஜோன் ஹூல்டிங் என்பாருக்கும் ஏனையோருக்கும் இடையே மைதான வாடகை பற்றிப் பிணக்கு மூண்டது. 1892 இல் எவர்ட்டன் கழகத்தார் ஸ்டான்லி பூங்காவின் மறுபுறத்துக்குப் பெயர்ந்தனர். ஆட்டக்காரரின்றி எஞ்சிய மைதானத்துக்காக ஹூல்டிங் லிவர்பூல் கழகத்தை நிறுவினார். தொடக்க ஆண்டுகளில் அக்கழகம் அணிந்த நிறங்கள் நீலமும் வெள்ளையுமே! இன்று இரத்தத்தில் ஊறியதாகக் கூறப்படும் பேதம் வாடகைப் பிணக்கிலே பிறந்தது. மனிதர் உண்டாக்கிய ஒன்றை இயற்கையின் நியதியென மயங்குவது மனித சமுதாயத்தின் பழைய நோய்.

எனினும், பிறப்பு அற்பமானது என்பதனால் பற்றும் அற்பமாகிவிடாது. தந்தை நேசித்தது வாடகைப் பிணக்கை அன்று. மழையிலும் தோளோடு தோள் சேர்ந்து நின்ற தோழரையும், தோல்வியடைந்த நாளிலும் கைவிடாத உறுதியையுமே அவர் நேசித்தார். மகன் மறுத்தது இவற்றையா? ஜேமி கராகர் என்னும் வீரர் எவர்ட்டன் ஆதரவாளரின் மகன்; சிறுவயதில் தாமும் அவ்வணியையே நேசித்தவர். அவரே 2013 வரை வேறெந்தக் கழகத்துக்கும் செல்லாது லிவர்பூலுக்காக 737 ஆட்டங்கள் ஆடினார். நிறம் மாறியது, உறுதி மாறவில்லை.

பிள்ளையின் தெரிவு என்றும் சுதந்திரமானது என்று கொள்வதும் தவறு. வெற்றி பெறும் அணியைத் தொலைக்காட்சியும் விளம்பரமும் வீடுதேடிக் கொண்டுவந்து விற்கும் காலம் இது. தந்தையின் பிடியிலிருந்து விலகி வணிகனின் பிடியிற் சிக்குவது விடுதலையாகாது. ஆகவே, 'ஏன்?' என்று கேட்கும் உரிமை தந்தைக்கு உண்டு. 'ஆகாது' என்று விதிக்கும் உரிமை இல்லை. அக்கேள்வியை அவர் தம்மையும் நோக்கிக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். அவரும் தம் தந்தையிடமிருந்து பெற்றவர்தாமே!

அங்ஙனமாயின், எல்லாப் பற்றும் அவரவர் விருப்பத்தின்பாற்பட்டதுதானா? இதற்கும் அந்நகரமே விடை கூறுகின்றது. 1989 ஏப்ரல் 15 இல் ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலினால் லிவர்பூல் ஆதரவாளர் 97 பேர் மாண்டனர். அதனையடுத்த நாட்களில் இரு கழகங்களின் மைதானங்களுக்கும் இடையே, ஸ்டான்லி பூங்காவினூடாக, சிவப்பும் நீலமுமான சால்வைகள் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டன. 1995 இல் வேலைநீக்கம் செய்யப்பட்ட இளந் துறைமுகத் தொழிலாளர் மறியல் செய்தபோது, அவ்வரிசையைத் தாண்ட மறுத்தமைக்காக ஏறத்தாழ 500 தொழிலாளர் வேலை இழந்தனர். அவ்விளைஞரிற் பலர் மூத்த தொழிலாளரின் பிள்ளைகளும் உறவினருமாவர். சிறுவயதில் எவர்ட்டனை ஆதரித்த லிவர்பூல் வீரர் ரொபி பௌலர், 1997 இல் ஓர் ஐரோப்பியப் போட்டியிலே தம் மேற்சட்டையை உயர்த்தி, அத்தொழிலாளருக்கான ஆதரவு வாசகத்தைக் காட்டினார். அதற்காக அபராதமும் செலுத்தினார்.

அணியை மாற்றினால் நோவது தந்தையின் பெருமிதம் மட்டுமே. மறியல் வரிசையைத் தாண்டினாலோ, மற்றொருவனின் உணவு பறிபோகின்றது. முன்னையதிற் பிள்ளை சுதந்திரன்; பின்னையதில் தந்தையும் சுதந்திரரல்லர்.

இங்கே நம்மையும் நாம் சோதித்துக்கொள்ளல் நன்று. சாதியையும் சமயத்தையும் பிறப்பின் பெயரால் ஏற்காதே என்று மேடையிற் பேசும் நாம், நமது கொள்கையை மாத்திரம் நம் பிள்ளைகளும் மாணவரும் மறுப்பின்றி ஏற்கவேண்டுமென எதிர்பார்க்கின்றோம். அவன் வேறு கூட்டத்துக்குச் சென்று வேறு நூலைக் கையிலெடுத்தால், அந்த எவர்ட்டன் தந்தையைப் போலவே நொந்துகொள்கின்றோம். மறியல் வரிசை பற்றிய கடமை யாவரையும் கட்டுப்படுத்துவதே. ஆனால் அதுவும் முதுசமாக வருவதில்லை. ஒவ்வொருவனும் தானே விளங்கிக்கொள்ளவேண்டியது. விளங்காமற் பெற்ற கொள்கை முதற் சோதனையிலேயே உதிர்ந்துவிடும். அதனைக் கற்பிக்க நமக்குள்ள வழிகள் இரண்டு: நியாயத்தை எடுத்துரைத்தல், நாமே அவ்வரிசையைத் தாண்டாதிருத்தல்.

பிள்ளை நம் நிறத்தை அணிந்தானா என்று பார்ப்பதை விடுத்து, பிறனுக்குத் துன்பம் நேருமிடத்து அவன் எங்கே நிற்கின்றான் என்பதையே நோக்குவோமாக.