பன்னிரண்டாவது கையொப்பம்

"மாமா, உங்களிட்ட ஒண்டு கேக்கணும். ஒரு கடதாசியில கையெழுத்துப் போடாம இருந்தா அது பாவமா?"

இலண்டனில் இருந்து என் சகோதரியின் மகன் இப்படிக் கேட்டபோது, யாருடைய கடனுக்கோ பிணை நிற்கும் விவகாரம் என்றே எண்ணினேன். விடயம் வேறு. அவன் குடியிருக்கும் தொடர்மாடியில் 24 வீடுகள். 11 வீட்டுக்காரர் ஒன்றுசேர்ந்து ஒரு பத்திரத்தில் ஒப்பமிட்டு விட்டார்கள். இன்னும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவன் இவன்தான் என எதிர்பார்க்கிறார்கள். இவனோ வீட்டை விற்றுவிட்டு வேறு நகருக்குப் போக இருக்கிறான்.

நமது ஊரில் காணி வாங்கினால் உறுதி நம் பெயரில் வரும், அத்தோடு சரி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடர்மாடி வீடு வாங்குவது பெரும்பாலும் அப்படியல்ல. பெருந்தொகை கொடுத்தாலும் கையில் கிடைப்பது 99 அல்லது 125 வருடக் குத்தகை. சிலருக்கு 999 வருடம். நிலமும் கட்டடமும் இன்னொருவருடையவை. அந்த உடைமையாளர் கட்டடத்தை ஒரு தடவையேனும் பார்த்திராத ஒரு கம்பனியாகவும் இருக்கலாம். அவர் அமர்த்தும் முகாமை நிறுவனம் கூரையைத் திருத்தும். செலவைக் குடியிருப்பவர்கள் கட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கு 250 பவுணுக்கு மேல் விழும் வேலை என்றால் முன்கூட்டியே அவர்களது கருத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கருத்தைக் கேட்பது வேறு, சொன்னதைக் கேட்பது வேறு.

நிலவாடகை என்றும் ஒன்று உண்டு. 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் பெரும்பாலான புதிய குத்தகைகளில் அது வருடத்துக்கு ஒரு மிளகுக்கு மேற்படக் கூடாது. ஒன்றுமில்லை என்பதைச் சொல்ல அந்நாட்டுச் சட்டத்தில் வழங்கும் பெயர்தான் மிளகு. மிளகுக்காகக் கப்பல் கட்டி நம் கரைக்கு வந்தவர்களின் அகராதியில் மிளகுக்கு வந்த கதியைப் பாருங்கள்! பழைய குத்தகைக்காரருக்கு அந்த மிளகும் இல்லை; அவர்கள் பழைய வாடகையையே கட்டுகிறார்கள்.

இனி அந்தப் பத்திரத்துக்கு வருவோம். 2002ஆம் ஆண்டுச் சட்டமொன்று குடியிருப்பவர்களுக்கு முகாமை உரிமையைக் கொடுத்தது. உடைமையாளர் மீது குற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை; கட்டடத்தை விலைக்கு வாங்க வேண்டியதுமில்லை. மொத்த வீடுகளில் குறைந்தது அரைவாசி வீட்டுக்காரர் ஒரு கம்பனியாகச் சேர்ந்தால், முகாமை அவர்கள் கைக்கு வரும். சேராதவர்களுக்கும் அழைப்பு அனுப்பியே ஆக வேண்டும். 1994இல் அமைந்து அரச நிதியில் இயங்கும் ஆலோசனைச் சேவையொன்று இதையெல்லாம் இலவசமாக விளக்கிச் சொல்லும். ஆனால் கதவு கதவாய்த் தட்டி ஆள் சேர்ப்பது குடியிருப்பவர்களின் வேலை. இவர்களது கட்டடத்தில் அதைச் செய்தவர் மேல்மாடியில் தனியே வாழும் வயது போன ஓர் ஆங்கில மாது. கூரை ஒழுகுவது அவரது படுக்கையறைக்குள்தான்.

"நான் யாருக்கும் எதிரா நிக்கல்ல மாமா. சும்மா ஒதுங்கித்தானே இருக்கிறன்" என்றான் மருமகன். எனக்கு நெருடியது இந்த இடம்தான். கூட்டத்துக்கு வந்தவர்களை மட்டும் எண்ணும் வாக்கெடுப்பில் வராதவன் கணக்கில் இல்லை. மொத்த வீடுகளில் அரைவாசி என்று சட்டம் எண்ணும் இடத்திலோ, ஒப்பமிடாதவன் உடைமையாளரின் பக்கத்திலேயே எண்ணப்படுகிறான். ஒதுங்கி நிற்க அங்கே ஓர் இடம் கிடையாது.

இத்தகைய வேளையில் நம்மவர் எடுத்துச் சொல்வது, நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவித்துப் புகாரியில் பதிவாகியுள்ள கப்பல் உவமையைத்தான். கீழ்த்தட்டில் இருப்பவர்கள் தமது பகுதியில் துளையிட்டுத் தண்ணீர் எடுக்க நினைக்கிறார்கள். மேல்தட்டுக்காரர் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவர். எத்தனையோ குத்பாக்களில் கேட்டதுதான். ஆனால் என் மருமகனுக்கு இதை அப்படியே சொல்ல முடியவில்லை. அந்தக் கப்பலில் எல்லோரும் நடுக்கடலில் இருக்கிறார்கள். இவனுக்கோ அடுத்த மாதம் கரை. போதாததற்கு, இந்தக் கப்பலின் சொந்தக்காரர் கப்பலிலேயே இல்லை. எல்லோருக்கும் ஆபத்து என்ற நியாயம், இறங்கிப் போகக்கூடியவனை எப்படிக் கட்டும்?

ஆபத்து என்றதும் கிரென்ஃபெல் கோபுரம் நினைவுக்கு வருகிறது. 2017 ஜூன் 14, றமழான் மாதம். தீயில் 72 பேர் மாண்டனர். ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் அயலவரின் கதவுகளைத் தட்டி எழுப்பியதாக அப்போது செய்திகள் வந்தன. அங்கு வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் வாடகைக் குடியினர். தீப்பாதுகாப்பைப் பற்றி அவர்களில் சிலர் முன்னரே எழுதி எச்சரித்திருந்தார்கள், செவிமடுக்கப்படவில்லை. அதன்பின் வேறு கட்டடங்களிலும் அபாயமான வெளிச்சுவர்ப் பூச்சுகள் கண்டுபிடிக்கப்பட, அவற்றை அகற்றும் செலவு குத்தகைக்காரர் தலையில் விழுந்தது. பல கட்டடக்காரர் ஒன்றுகூடிக் குரல் கொடுத்த பின்னரே, 2022ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் பலருக்குப் பாதுகாப்பளித்தது.

மருமகனின் பயமும் பொய்யல்ல. வீடு விற்பவர் நிரப்பும் படிவத்தில் தகராறு ஏதும் உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு என்று எழுதினால் விலை இறங்கலாம். "வாறவர் போடட்டுமே" என்றான். வருகிறவருக்குக் கூரை ஒழுகுவது தெரியுமா என்று கேட்டேன். மறுமுனையில் சத்தம் இல்லை. குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது மத்ரசாப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். அதைச் சொல்லிவிட்டால் ஒப்பமிடாமல் இருப்பதற்கு அவனிடம் காரணம் எதுவும் மிஞ்சாது.

நான் முப்தி அல்ல, பள்ளிக்கூட வாத்தியார். அவனுக்குப் புத்தி சொல்ல எனக்கிருந்த தகுதி வேறொன்று. பல வருடங்களுக்கு முன், பள்ளிவாசல் கணக்கை ஜமாஅத்தார் முன் வைக்கும்படி கேட்டு ஒரு மனு என் வீட்டுக்கும் வந்தது. கொண்டுவந்தவர் ஒரு மீன் வியாபாரி. வெளியூருக்கு இடமாற்றம் கிடைத்திருந்த நேரம் அது. போகிறவனுக்கு ஏன் இந்த வேலை என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். வாத்தியாரே போடவில்லையாம் என்று வேறு சிலரும் பின்வாங்க, மனு அப்படியே நின்றுபோனது. பிறகு என் இடமாற்றம் ரத்தானது. இன்றும் அதே பள்ளியில்தான் தொழுகிறேன். அந்த மனிதர் சிலவேளை எனக்குப் பக்கத்து ஸப்பில் நிற்பார். இதையும் மருமகனிடம் சொன்னேன்.

பத்து நாள் கழித்துச் செய்தி அனுப்பியிருந்தான். ஒப்பமிட்டு விட்டானாம். வாங்க வந்தவரிடம் கூரையைப் பற்றியும் சொல்லியிருக்கிறான். அவர் விலையைக் குறைக்கச் சொல்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை.