பூஜ்யமும் ஓர் உருவம்தான்

பிளவக்கல் அணைகளில் தண்ணீர் திறந்தால், வத்திராயிருப்புப் பக்கத்து வயல்கள் எல்லாம் ஒரே நாளில் தொழி உழவு காண்பதில்லை. தண்ணீர் எட்டிய வயலுக்குத்தான் முதல் உழவு. லினக்ஸ் நினைவகத்தைப் பங்கிடுவதும் அப்படியே. புரோகிராம் ஒன்று பூஜ்யமாக்கிய பெரிய இடம் கேட்டால், லினக்ஸின் மையமான கெர்னல் உடனே சம்மதிக்கும். ஆனால் பொதுவாக 4 கிலோபைட் கொண்ட பேஜ் ஒவ்வொன்றையும், அந்தப் புரோகிராம் அதில் எழுத வரும்போதுதான் துடைத்துக் கொடுக்கும். ரஸ்ட் புரோகிராமிங் மொழியில் கோடி பூஜ்யங்கள் கொண்ட வெக்டர் சட்டென்று கிடைப்பது இதனால்தான். பல மதிப்புகளைச் சேர்த்து நாமே வகுத்த ஸ்ட்ரக்டுக்கு இந்தச் சலுகை இல்லை. மாதிரி ஒன்றை வைத்து ஒவ்வொன்றாகப் பிரதி எடுக்க வேண்டும்.

எதற்காகத் துடைப்பது? நினைவகம் ஒருநாளும் காலியாக இருப்பதில்லை. முன்பு அங்கே ஓடிய புரோகிராமின் கடவுச்சொல்கூட அதில் கிடக்கலாம்.

காலி என்று ஒன்று உண்டா என்ற கேள்வி பழையது. இல்லாததிலிருந்து உள்ளது பிறக்குமா என்று சாந்தோக்ய உபநிடதத்தில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவைக் கேட்கிறார். காரியம் புதிதாகவே தோன்றுகிறது என்றது வைசேஷிக தரிசனம். 'திருப்பாவை ஜீயர்' என்று போற்றப்படும் ராமானுஜர் அதை ஏற்கவில்லை. அவர் கருத்தில், பிரளயத்திலும் சித்தாகிய உயிர்களும் அசித்தாகிய ஜடமும் அழிவதில்லை; பெயரும் உருவமும் பிரியாத சூக்ஷ்ம நிலையில் பிரம்மத்தின் சரீரமாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நாமரூபம் தருவதே சிருஷ்டி.

ஸ்ட்ரக்டை உருவாக்குகிறவர் செய்வதும் இதுதான். வெறும் பைட்டுகளில் இந்த எட்டு கணக்கு எண், அடுத்த நான்கு வயது என்று பெயரும் உருவமும் ஏற்றுகிறார். பூஜ்யத்தை நிரப்புவதுகூட ஓர் உருவத்தை எழுதுவதே. ரஸ்டில் வேறோர் இடத்தைச் சுட்டும் ரெஃபரன்ஸ் ஒன்று பூஜ்யமாக இருக்க அனுமதியே இல்லை; அதைக் கொண்ட ஸ்ட்ரக்டைப் பூஜ்யத்தால் நிரப்பினால் பிழை. உருப்பெறாத இடத்தை உருப்பெற்றதாகப் பாவித்த பழைய வழிக்கு மாற்றாக, 'இன்னும் உருப்பெறாதது' என்பதையே ஒரு டைப்பாக ஆக்கிய மேபிஅன்இனிட், 2019 ஜூலையில் 1.36 பதிப்பில் நிலைபெற்றது. சூக்ஷ்ம நிலைக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கிடைப்பது அரிது.

ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் அறுந்துபோகிறது. உலகின் ஏற்றத்தாழ்வுக்கு ஜீவர்களின் பழைய கர்மமே காரணம், ஈசுவரனிடம் பாரபட்சம் இல்லை என்பது வேதாந்தம். அங்கே மிச்சத்துக்குக் கணக்கு உண்டு. கம்ப்யூட்டரில் மிச்சம் துடைக்கப்பட வேண்டியது. நினைவகம் அசித்து, அதில் பலனை அனுபவிக்க ஆளில்லை. ஜீவனின் கணக்கைத் துடைக்க அருள் வேண்டும். செய்த பிழைகளோடு இனி வந்து சேரப்போகிறவையும் நெருப்பில் இட்ட பஞ்சாகிவிடும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் திருப்பாவையின் ஐந்தாம் பாசுரத்தில் உறுதி சொல்கிறாள். கெர்னலால் துடைக்க முடிவது முன்பு எழுதப்பட்டதை மட்டுமே.