பதினைந்தாம் ஆண்டின் வாசலில்

விருப்ப விடுவிப்புக்கு விண்ணப்பிப்பதைப் படைவீரர்கள் 'பேப்பர் போடுவது' என்பார்கள். பத்தொன்பது வயதில் சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு முப்பத்து நான்கை நெருங்கும்போது அந்த எண்ணம் எழுவது இயல்பு. அதற்குக் காரணம் மனச்சோர்வு மட்டுமன்று. இந்தியப் படையில் அதிகாரி அல்லாதார்க்கு ஓய்வூதிய உரிமை 15 ஆண்டுப் பணியில் கனிகிறது. அதிகாரிகளுக்கு 20 ஆண்டுகள். 2022-க்குப் பின் நான்காண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த அக்னிவீரர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது.

இந்த எல்லைக்கோட்டின் தன்மையை முதலில் உணர வேண்டும். உடல்நலக் காரணமின்றி, தம் விருப்பத்தால் அதற்கு முன்பே வெளியேறுபவர் ஓய்வூதியத்தை மட்டும் இழப்பதில்லை. 'முன்னாள் படைவீரர்' என்னும் சட்டத் தகுதியும் அவருக்குக் கிட்டாது. வேலைவாய்ப்பு ஒதுக்கீடு அந்தத் தகுதியைப் பற்றியே நிற்கிறது. பதின்மூன்றாம் ஆண்டில் தயங்குபவருக்கு என் விடை ஒன்றே: பொறுத்திருங்கள்.

கோட்டைத் தாண்டியவருக்கே உண்மையான கேள்வி தொடங்குகிறது. அடிப்படைச் சம்பளம் 36,000 ரூபாய், படைப்பணி ஊதியம் 5,200 என்று கொள்வோம். கூட்டினால் 41,200, அதில் பாதி, 20,600, ஓய்வூதியம். அகவிலை நிவாரணம் இதன்மேல் சேரும். வீடு கட்டவோ கடன் அடைக்கவோ பாதியைத் தொகுத்து மொத்தமாகப் பெற்றால், 15 ஆண்டுகளுக்கு மாதம் 10,300 ரூபாயும் நிவாரணமுமே கைக்கு வரும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்' திட்டத்துக்கான 2015 நவம்பர் 7 ஆணை, அதன்பின் தம் விருப்பத்தால் விலகுவோருக்கு அப்பயன் இல்லை என்றது. அது வழக்குகளுக்கு உள்ளான விதி. இன்றைய நிலையைக் கேட்டறியாமல் கணக்குப் போடுவது தவறு.

பணத்தைவிட ஆழமானது தொழில். மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடும், பொதுத்துறை வங்கிகளின் அதே பிரிவில் 14.5 விழுக்காடும் முன்னாள் படைவீரர்களுக்கு உண்டு. படையில் கழித்த ஆண்டுகளோடு மேலும் மூன்றாண்டுகளை வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆயினும் ஒதுக்கீடு கதவைத் திறக்கிறதே தவிர, தேர்வை எழுதித் தருவதில்லை. பதினாறு ஆண்டுகள் கனரக வாகனங்களைப் பழுதுபார்த்த ஹவில்தார் ஏடிஎம் வாசலில் காவல் நிற்பதைக் காணும்போது என் மனம் வருந்துகிறது. காவற்பணி இழிவானதன்று, அவர் கைத்திறன் வெளியுலகம் ஏற்கும் சான்றிதழாக மாறாமலே போனதுதான் வருத்தம். அந்த மாற்றம் சீருடையில் இருக்கும்போதே நடக்க வேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் ஓய்வுபெறவிருப்போருக்குப் பயிற்சிகள் நடத்துகிறது. எது எளிது என்று பார்க்காமல், எந்த வேலைக்கு எது வேண்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவை அனைத்துக்கும் அடியில் வீடு இருக்கிறது. தாய்க்கு உடல்நலமில்லை, பிள்ளைக்குத் தந்தை முகம் பழக்கமில்லை என்பவை முழுமையான காரணங்கள். வேலை கிடைத்தால்தான் அவற்றுக்கு மதிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பள்ளிக் கட்டணம், கூட்டுறவுச் சங்கக் கடன், மாமியாரின் மருந்து என இத்தனை ஆண்டுகள் தனியே நிர்வகித்தவர் மனைவி. மாதக் கணக்கு உண்மையில் அவருக்குத்தான் தெரியும். 10,300-இல் குடும்பம் நடக்குமா என்பதற்கு அவர் சொல்லும் விடையே செல்லும்.

ஆகவே, அவசர நிலை ஏதுமில்லையெனில், அடுத்த வேலை உறுதியாகும்வரை விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டாம். அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருமுறை சென்று விதிகளைக் கேளுங்கள். மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.