கண்டெடுத்த பொருள் யாருடையது?

கலை என்று வந்துவிட்டால் அறத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அழகாயிருக்கிறது என்னும் ஒரு சொல்லாலே பலவற்றையும் பொறுத்துக்கொள்கிறோம். மிகச் சிறியதாகத் தோன்றும் ஒரு வினாவை வாசகப் பெருமக்களின் சிந்தனைக்கு வைக்க விழைகிறோம். வழியில் கிடந்த கல், சருகு, இறகு, சிப்பி, உடைந்த ஓடு ஆகியவற்றை எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து, ஓர் உருவம் அமைக்கிறோம். நாம் எடுத்த அந்தப் பொருள் யாருடையது?

மேலைநாட்டார் இக்கலையை அசெம்பிளேஜ் என்பர். தமிழில் தொகைக்கலை எனலாம். 1942 ஆம் ஆண்டில் பிக்காசோ ஒரு பழைய மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்துக் காளைத்தலை ஒன்றைச் செய்தார். வேறெதையும் அவர் சேர்க்கவில்லை. 1961 ஆம் ஆண்டில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இவ்வகைப் படைப்புகளுக்கென்றே பெரியதொரு கண்காட்சி நடத்திற்று. அங்கெல்லாம் எழுந்த வினா, "இது கலையா, அன்றா?" என்பதே. எடுத்த பொருள் எவருடையது என்ற வினா அவர்களை அவ்வளவாக உறுத்தியதாகத் தெரியவில்லை. நமக்கோ அதுவே முதல் வினா.

நாம் வாழும் அந்தியூர்ப் பகுதியில் இத்தகைய பொருள்களுக்குப் பஞ்சமில்லை. பர்கூர் மலையடிவாரத்தில் காய்ந்த வேர்கள் கிடக்கும். சாலையோரம் வாகை நெற்றுகள் உதிரும். ஆடி மாதக் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கலைந்த பின்பு அறுந்த கயிறும் தேய்ந்த லாடமும் திடலெங்கும் காணப்படும். இவ்வளவு இருக்க, பள்ளிப் பிள்ளைகளுக்குக் 'கழிவிலிருந்து கலை' என்று வீட்டுப்பாடம் கொடுத்தவுடன் பெற்றோர் ஓடுவது எழுதுபொருள் கடைக்கு. அங்கே ஐஸ் குச்சிகள் கட்டுக் கட்டாகப் புதிதாகவே விற்கப்படுகின்றன. எவரும் ஐஸ் தின்னவில்லை. குச்சி மட்டும் கழிவாகிவிட்டது! சாயமேற்றிய இறகும், உறையிலிட்ட சிப்பியும் அதே கடையில் கிடைக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று எவரும் கேட்பதில்லை. விலை கொடுத்து வாங்கியது நமக்கு உரியது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமானது.

இக்கலையில் தூய வழி ஒன்றைக் காட்டியவராக நாம் கருதுவது அவனீந்திரநாத் தாகூர் அவர்களை. 1871 முதல் 1951 வரை வாழ்ந்த இப்பெருமகனார் வங்க ஓவிய மரபின் தந்தை எனப் போற்றப்படுபவர். சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் படைத்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி இவரிடம் ஓவியம் பயின்றவரே என்பதால் நம் நாட்டுக்கும் இவர் உறவினர். முதுமையில் தூரிகையைப் பெரும்பாலும் கீழே வைத்துவிட்டுக் காய்ந்த கிளை, மூங்கில் வேர், மரத்துண்டு ஆகியவற்றைப் பொறுக்கிச் சிறு பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவற்றுக்குக் 'குட்டும் காட்டாம்' என்று பெயரிட்டார். குட்டும் என்பது வங்க மொழியில் உறவினரைக் குறிக்கும்.

பெயரே பொருள் பொதிந்தது. அவர் மரத்துண்டைத் தம் விருப்பத்திற்கு வளைக்கவில்லை. அதனுள் ஏற்கெனவே ஒரு பறவையோ முதியவரோ ஒளிந்திருப்பதைக் கண்டு, வெட்டுவதைக் கூடியமட்டும் குறைத்து, அவ்வுருவம் வெளிப்படும்படி நிறுத்தி வைத்தார். வீட்டுக்கு வந்த உறவினரின் கையை முறுக்கி நம் இச்சைப்படி உட்கார வைப்பதில்லை அல்லவா? கண்டெடுத்த பொருளை உறவாகக் கொள்பவர் அதை வதைக்கத் துணியார். ஓவியத்தில் பெரும்புகழ் கண்ட ஒருவர் எழுபது வயதை ஒட்டிய பருவத்தில் சுள்ளியின் முன் இத்துணைப் பணிவுடன் அமர்ந்தது நம்மைப் போன்ற முதியோர்க்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

ஆனால் நம் வினாவின் முழுக் கடுமையையும் உணர வேண்டுமானால் சண்டிகர் செல்ல வேண்டும். அங்குள்ள பாறைத் தோட்டத்தைச் சுற்றுலா சென்ற வாசகர் சிலர் கண்டிருக்கலாம். அதைப் படைத்த நேக் சந்த் கலைப் பயிற்சி எதுவும் பெற்றவர் அல்லர். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். 1924 இல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்து, பிரிவினையின்போது ஊரை இழந்து வந்தவர். லெ கொர்பூசியே வகுத்த திட்டப்படி புதிய தலைநகரம் எழுந்துகொண்டிருந்த காலம் அது. அந்நகருக்காகப் பல சிற்றூர்கள் அகற்றப்பட்டன. இடிந்த வீடுகளிலிருந்து உடைந்த பீங்கான், ஓட்டுச்சில், கண்ணாடி வளையல் துண்டுகள் ஆகியவற்றையும், சிவாலிக் மலையடி ஓடைகளிலிருந்து விந்தை வடிவக் கற்களையும் நேக் சந்த் மிதிவண்டியில் சுமந்து சேர்த்தார். 1957 அளவில் தொடங்கிய இப்பணியை, கட்டடம் எழுப்பக் கூடாதென ஒதுக்கப்பட்ட அரசு வனநிலத்தில், வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில், 15 ஆண்டுகளுக்கும் மேலாக எவரும் அறியாமல் செய்துவந்தார்.

எழுபதுகளில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி அதை இடித்திருக்க வேண்டும். மக்கள் விரும்பினர், அரசு இசைந்தது, 1976 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அவருக்குச் சம்பளமும் உதவியாளரும் தரப்பட்டன. 1984 இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. 2015 இல் அவர் மறைந்தார். வளையல் துண்டுகளால் உடல் போர்த்திய அப்பெண் உருவங்கள் இன்றும் வரிசை வரிசையாய் நிற்கின்றன.

இனி நம் அளவுகோலை எடுப்போம். ஆசாரிய சமந்தபத்திரர் இல்லறத்தார்க்குரிய கள்ளாமை நோன்பை வரையறுக்கும்போது, பிறர் வைத்த பொருளை மட்டும் குறிப்பிடவில்லை. கீழே விழுந்த பொருள், மறந்துவிட்ட பொருள் ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறார். கொடுக்கப்படாத வரையில் அவையும் பிறர் பொருளே. எடுத்தவர் கண்ணில் அது அனாதையாகத் தெரிவதால் மட்டும் அனாதையாகிவிடாது.

அவ்வோடைக் கற்களுக்காக வருந்தியவர் எவருமில்லை. வளையல் துண்டு அப்படியன்று. அதை அணிந்திருந்தவள் அதை விட்டுச் சென்றாளா, விட்டுச் செல்லும்படி ஆனாளா? இவ்விரண்டும் ஒன்றல்ல. ஊரை அகற்றியவர் நேக் சந்த் அல்லர். அத்துண்டுகள் எங்கேனும் பள்ளத்தை நிரப்பியிருக்கும். தாமும் ஊரிழந்தவர் என்பதால், அவர் அவற்றை எடுத்ததில் உரிமை கொண்டாடலைவிட அடைக்கலம் கொடுத்தலே மிகுதி எனத் தோன்றுகிறது. நிலம் வேறு. அது அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அரசு ஊழியராகிய அவருக்கு அது தெரியும். படைப்பின் அழகு அக்குற்றத்தைக் கழுவிவிட்டது என்று சொல்ல நம்மால் இயலவில்லை. பின்னர் உரியவர்களே மனமுவந்து அளித்ததனால் அதன்மேல் அது கொடாத நிலம் ஆகாது. அவ்வளவே சொல்லலாம். அவர் அதில் தமக்கென ஒரு முழம்கூட வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் மறைக்கலாகாது.

நம் கொங்கு மண்ணிலேயே இதனினும் நுட்பமான வழக்கொன்று உண்டு. சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில் கொடுமணல் உள்ளது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர் இதுவே என அறிஞர் கருதுவர். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்தபோது கல்மணி செய்யும் தொழிற்கூடத்தின் தடயங்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. இத்தகைய ஊர்களில் நிலத்தின் மேற்பரப்பிலேயே ஓடுகளும் மணிகளும் தென்படும். அதைச் செய்தவர் மாண்டு 2000 ஆண்டுக்கு மேலாயிற்று. உடைமையாளர் என்று எவர் வந்து கேட்பார்? ஆயினும் ஓர் ஓடு எந்த அடுக்கில், எதனருகில் கிடந்தது என்பதில்தான் அதன் சாட்சியம் இருக்கிறது. அழகிய வரைவுக்காக அதை எடுத்து வீட்டுச் சுவரில் பதித்தால் ஓடு நம்மிடம் இருக்கும். அது சொல்லியிருக்கக்கூடிய செய்தி அழிந்துபோம். பின்வரும் தலைமுறையினரிடமிருந்து கொடாததை எடுத்தவர் ஆவோம்.

மனிதர் பொருளை விட்டு உயிர்களின் பொருளுக்கு வருவோம். இராமேசுவரத்திலும் கன்னியாகுமரியிலும் சிப்பிகளைக் கோத்துச் செய்த திரைகளையும் விளக்குகளையும் காண்கிறோம். கரையில் ஒதுங்கிய வெற்றோடு மங்கியும் மூளியாகவும் இருக்கும். பளபளவென்று குறையின்றி விற்கப்படும் ஓடுகளில் பல, உயிரோடு பிடித்துக் கொன்று தூய்மை செய்யப்பட்டவை. 2001 ஆம் ஆண்டில் பவளங்களையும் சிலவகைச் சங்குகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது காரணமின்றி அன்று. சரி, கரையொதுங்கிய வெற்றோட்டை எடுக்கலாமே எனின், முனிவர் நண்டு என்றொரு சிற்றுயிர் உண்டு. அதற்குச் சொந்த ஓடு கிடையாது. கைவிடப்பட்ட சங்கினுள் புகுந்து வாழ்ந்து, உடல் பெருத்ததும் வேறொரு சங்கு தேடும். நமக்கு வெற்றோடு, அதற்கு வீடு.

இவ்வளவு சொன்னபின், நம் முனிபுங்கவர் திருக்கையில் ஏந்தும் மயிற்பீலி நினைவுக்கு வராமல் இராது. அதுவும் கண்டெடுத்த இறகுகளின் தொகைதான். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண்மயில் ஆண்டுதோறும் தன் தோகை முழுவதையும் தானே உதிர்த்துவிடும். தூசி கொள்ளாமை, வியர்வை பற்றாமை, மென்மை, நுண்மை, எளிய எடை ஆகிய இயல்புகளால் அது சிற்றுயிர்களை நோவாமல் விலக்க உதவுகிறது. உதிர்த்த உயிர்க்கும் தீங்கில்லை; ஏந்தியதால் பிற உயிர்க்கும் காப்பு. இதனினும் குற்றமற்ற தொகைப்பொருள் ஒன்றை நாம் அறியோம்.

ஆனால் இங்கும் கண்ணயர்தல் கூடாது. 1972 ஆம் ஆண்டுச் சட்டம் மயிலை முதல் அட்டவணையில் வைத்துக் காத்தாலும், நாட்டினுள் தோகை இறகை விற்பதற்கு விலக்களித்துள்ளது. கொங்குப் பகுதியில் மயில்கள் பெருகிப் பயிரை மேய்வதாக உழவர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் பொய்யன்று. நஞ்சிட்ட தானியம் தின்று மயில்கள் மாண்ட செய்தியும் அவ்வப்போது வருகிறது. கடையில் தொங்கும் இறகுக்கட்டு எவ்வகையானது? தானே உதிர்ந்த இறகின் அடிக்குழல் தூய்மையாக இருக்கும். பிடுங்கியதில் குருதியோ தசையோ ஒட்டியிருக்கும். அடியை வெட்டிச் சீர்படுத்தி விற்பதை வாங்கும்போது அந்தச் சான்றையே இழந்துவிடுகிறோம். வீட்டில் கண்ணன் படத்துக்கோ மேசை அலங்காரத்துக்கோ இறகு வாங்கும் அன்பர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"இப்படிப் பார்த்தால் குழந்தை ஒரு கூழாங்கல்லைக்கூடத் தொட முடியாதே!" என்று சிலர் சினப்பர். சினம் நியாயமானதே. பொறுக்கும் குழந்தையே உலகைப் பார்க்கும் குழந்தை. குனியாத பிள்ளைக்கு எறும்பின் வரிசையும் தெரியாது. தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வு ரப்பரையும் கொண்டு அறிவியல் கற்பித்த அரவிந்த் குப்தா போன்றோர் ஏழைப் பள்ளிகளுக்குச் செய்த நன்மையை ஆசிரியப் பணியில் இருந்தோர் மறவார். எடுக்காதே என்று தடுக்கும் பள்ளியைவிட, எடுக்கும் முன் பார் என்று சொல்லும் பள்ளியே நமக்கு வேண்டும். நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் வண்ணத்துப்பூச்சிகளைக் குண்டூசியில் குத்திய தொகுப்பேட்டைத் தேர்வுக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. உதிர்ந்த பூவரசிலைகளையும் பாதாமிலைகளையும் உலர்த்தி, அவற்றின் நரம்பும் நிறமும் சிறகாக அமையும்படி ஒட்டி, இலைப்பூச்சிகளின் ஏடு ஒன்றை நாம் வைத்தோம். பயிற்றுநர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்து, மதிப்பெண்ணில் குறை வைக்காமல் திருப்பித் தந்தார்.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்தபின் நம் தெருக்கோடிக் கிணற்றருகே தென்னையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் காலியாக ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று தாழ்ந்த ஓலையில் தொங்கிற்று. பள்ளிக் கண்காட்சிக்காக அதை அறுத்துச் செல்ல வந்த சிறுமி, "ஏனுங்க டீச்சரம்மா, குருவியெல்லாம் போயிருச்சுங்க. இதை எடுத்துக்கலாமுங்களா?" என்று வினவினாள். "பத்து நாள் பார்த்துவிட்டு வந்து சொல் கண்ணு" என்றோம். நாளும் பள்ளிவிட்டு வந்து கிணற்று மேட்டில் அமர்ந்து பார்த்தாள். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ வெண்தொண்டைச் சில்லை இணையொன்று அக்கூட்டினுள் நுழைவதும் வெளிவருவதுமாக இருந்தது. சில்லைகள் இவ்வாறு பிறர் விட்டுச் சென்ற கூட்டில் குடியேறுவது வழக்கம்தான். அவளுக்கு அது புதிது. கண்காட்சிக்கு, கீழே விழுந்திருந்த தென்னோலைக் கீற்றுகளைக் கிழித்து ஒரு கூடு பின்னத் தொடங்கினாள். மூன்று முறை அவிழ்ந்துபோயிற்று. குருவி அலகால் செய்வதைப் பத்து விரலால் செய்ய முடியவில்லையே என்று நம்மிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டாள்.