வரையாத கோட்டின் முன்னால்

ஓர் இருசமபக்க முக்கோணம். உச்சிக்கு க என்று பெயர். அங்கே 20 பாகை. அடிப்பக்கத்தின் இரு முனைகள் ச, ட; இரண்டிலும் 80 பாகை. ச-விலிருந்து அடிப்பக்கத்தோடு 60 பாகை சாய்வில் ஒரு கோடு கிளம்பி, கட என்ற பக்கத்தை த-வில் சந்திக்கிறது. ட-விலிருந்து 50 பாகை சாய்வில் இன்னொரு கோடு கச என்ற பக்கத்தை ப-வில் சந்திக்கிறது. த, ப இரண்டையும் இணைத்தால், சதப என்ற கோணம் எத்தனை பாகை?

‘மேத்தமேட்டிக்கல் கெசட்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கிய லாங்லி, 1922-இல் அதே இதழில் வெளியிட்ட கணக்கு இது. நூறு ஆண்டுகள் கழித்தும் இளநிலைக் கணிதப் போட்டிக்குத் தயாராகிற பிள்ளைகளின் கைக்கு ஏதோ ஒரு வழியில் இது வந்து சேர்ந்துவிடுகிறது. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் 180 பாகை என்பது தெரிந்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்ச நேரத்திலேயே படத்தின் மூலைகளெல்லாம் எண்களால் நிறைந்துவிடும். த-வில் இரண்டு, ப-வில் இரண்டு என நான்கு கோணங்கள் மட்டும் பிடிகொடுக்காமல் நிற்கும். அவற்றுக்குச் சமன்பாடுகள் எழுதலாம். ஆனால் அவை ஒன்றையொன்று சார்ந்தவை. எத்தனை முறை கூட்டிக் கழித்தாலும் தெரிந்ததையே திரும்பச் சொல்லும்.

அடுத்த ஆண்டு மெர்சர் என்பவர் தந்த தீர்வில் புதிதாக ஒரே ஒரு கோடுதான் இருந்தது. ச-விலிருந்து, அடிப்பக்கத்தோடு 20 பாகை சாய்வில், கட பக்கத்தை ம-வில் சந்திக்கும் கோடு. அதைப் போட்டதும் படம் பேசத் தொடங்குகிறது. சமட முக்கோணத்தில் இரு கோணங்கள் 80 பாகை. ஆகவே சம-வும் சட-வும் சமம். சபட முக்கோணத்தில் இரு கோணங்கள் 50 பாகை. ஆகவே சப-வும் சட-வும் சமம். சப, சம இரண்டும் சமம், நடுவில் 60 பாகை என்றால் சபம ஒரு சமபக்க முக்கோணம். இன்னொரு பக்கம், மசத முக்கோணத்தில் இரு கோணங்கள் 40 பாகை. ஆகவே மத-வும் மச-வும் சமம். அப்படியானால் மப-வும் மத-வும் சமம், அவற்றுக்கிடையே 40 பாகை. மதப 70 பாகை. அதில் 40 போனால் சதப 30 பாகை.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒவ்வொரு படியும் புரியும். முதல் படி எங்கிருந்து வந்தது என்பதுதான் யாருக்கும் புரியாது. கரும்பலகையில் ஆசிரியர் அந்தக் கோட்டைப் போடும்போது பின்வரிசையிலிருந்து வரும் “இது எப்படி சார் தோணும்?” என்ற கேள்வி இரண்டாயிரம் ஆண்டு மெய்யியலின் நடுவே போய் நிற்கிற கேள்வி.

பிளேட்டோவுக்கு ‘வரைகிறோம்’, ‘நீட்டுகிறோம்’ என்ற பேச்சே பிடிக்கவில்லை. வடிவியலாளர்கள் ஏதோ காரியம் செய்கிறவர்களைப்போலப் பேசுகிறார்கள், அவர்கள் அறிவதோ என்றும் உள்ளதை என்று ‘குடியரசு’ நூலில் குறைபட்டுக்கொள்கிறார். ‘மேனோ’ உரையாடலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். படிப்பறியாத ஓர் அடிமைச் சிறுவனிடம், இரண்டடிப் பக்கமுள்ள சதுரத்தின் பரப்பை இரட்டிப்பாக்கச் சொல்கிறார் சாக்ரடீஸ். நான்கடி என்கிறான், தவறு. மூன்றடி என்கிறான், அதுவும் தவறு. பிறகு மூலைவிட்டம் வரையப்படுகிறது, அவனுக்கு விளங்குகிறது. இந்தப் பிறவிக்கு முன்பே ஆன்மா அறிந்திருந்ததை இப்போது நினைவுகூர்கிறது என்பது அங்கே சொல்லப்படும் விளக்கம். ஆனால் அந்த மூலைவிட்டத்தைப் போட்டவர் சாக்ரடீஸ், சிறுவன் அல்லன். கோடு யாருக்குத் தோன்றியது என்ற இடத்தை உரையாடல் தாண்டிப் போய்விடுகிறது.

அரிஸ்டாட்டில் அந்த இடத்தில் நின்று பார்த்தவர். முக்கோணத்தின் கோணங்கள் ஏன் இரண்டு செங்கோணங்களாகின்றன? பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு ஏற்கெனவே வரையப்பட்டிருந்தால், பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும் என்கிறார் ‘மெட்டாபிசிக்ஸ்’ நூலில். கோடு படத்துக்குள் இயலுநிலையில் கிடக்கிறது. மனம் செயல்பட்டு அதைப் புறத்தே கொண்டுவரும்போது அறிவு பிறக்கிறது. இருபது நூற்றாண்டுகள் கழித்து, 1781-இல், கான்ட் அதே எடுத்துக்காட்டை எடுக்கிறார். முக்கோணம் என்ற கருத்தைத் தத்துவவாதி எவ்வளவு நேரம் அலசினாலும் புதிதாக ஒன்றும் கிடைக்காது; வடிவியலாளரோ நேரே பக்கத்தை நீட்டுவார், இணைகோட்டைப் போடுவார், அகக்காட்சியின் வழிகாட்டலில் முடிவுக்கு வருவார் என்கிறார்.

லாங்லியின் கணக்கு அரிஸ்டாட்டில் பக்கமே சாய்கிறது. அதன் கோணங்கள் எல்லாமே 10-இன் மடங்குகள். ஆகவே படம் முழுவதையும் 18 பக்கங்கள் கொண்ட ஒழுங்கான பலகோணத்துக்குள் வைத்துவிடலாம். அப்பலகோணத்தின் மூலைவிட்டங்கள் சில, எதிர்பார்ப்பதைவிட அதிகமாக ஒரே புள்ளியில் வந்து கூடுகின்றன. விடை அழகாக 30 என்று வருவது அதனால்தான். மெர்சரின் கோட்டைப் பிடித்து நிறுத்தும் ஒழுங்கு, அவர் பென்சிலை எடுப்பதற்கு முன்பே அங்கே இருந்தது. ஆனால், கோடு முன்பே இருந்தது என்பதை ஒப்புக்கொண்டாலும் பின்வரிசைப் பிள்ளையின் கேள்வி தீரவில்லை. அந்தப் பிள்ளை கேட்பது கோட்டைப் பற்றி அன்று. அது வருவதற்கு முன் தான் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பற்றி.

அந்த நேரத்தைப் பற்றி எழுதியவர் பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல்.

1942-இல், நாஜிகளின் பிடியில் பிரான்சு கிடந்தபோது, மார்செய் நகரை விட்டுக் கிளம்பும் முன், பெரின் என்ற டொமினிக்கன் துறவிக்காக அவர் ஒரு கட்டுரை எழுதினார். பள்ளிப் பாடங்களைக் கடவுள்மீதான அன்புக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பது பொருள். பிரார்த்தனை கவனத்தால் ஆனது. பள்ளிப் பயிற்சிகள் கவனத்தை வளர்க்கின்றன. ஆகவே அவற்றின் உண்மையான பயன் அதுதான் என்பது அவர் வாதம். எடுத்துக்காட்டாக வடிவியல் கணக்கையே சொல்கிறார். ஒரு மணி நேரம் உண்மையான கவனத்தோடு முயன்றும் கணக்கு தொடங்கிய இடத்திலேயே நின்றாலும், அந்த மணியின் ஒவ்வொரு நிமிடமும் வேறொரு திசையில் முன்னேற்றம் நடந்திருக்கிறது என்கிறார். அது என்றோ ஒருநாள், கணிதத்தோடு தொடர்பே இல்லாத இடத்தில், ஒரு கவிதை வரியின் அழகைச் சட்டென்று உணர்வதில்கூட வெளிப்படலாமாம். இலத்தீன் படிக்க ஆண்டுக்கணக்கில் திணறிய ஆர்ஸ் ஊர்ப் பாதிரியார், பாவமன்னிப்புக் கேட்டு வந்தவர்களின் சொல்லுக்குப் பின்னாலிருந்த மனத்தைக் கண்டதற்கு அந்தத் திணறலே காரணம் என்றும் எழுதுகிறார்.

தோற்றவர்களுக்குச் சொல்லும் ஆறுதலாக இதைப் படித்தால் வெய்லைத் தவறவிட்டுவிடுவோம். இதற்காக அவர் பெரிய விலை கொடுத்திருந்தார். அவருடைய அண்ணன் ஆந்த்ரே வெய்ல், 1930 முதல் 1932 வரை அலிகாரில் கற்பித்தவர், இருபதாம் நூற்றாண்டின் பெருங்கணிதர்களில் ஒருவர். அண்ணனின் குழந்தைப் பருவத்தைப் பாஸ்கலின் குழந்தைப் பருவத்தோடு ஒப்பிட்டு, தனக்கு அந்த ஆற்றல் இல்லை என்று கண்ட சிமோன், 14 வயதில் சாவைப் பற்றி நினைக்கும் அளவுக்கு மனம் உடைந்ததாகப் பெரினுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். மேதைகளுக்கு மட்டுமே உரிய உண்மையின் வீட்டில் தனக்கு நுழைவில்லையே என்பதுதான் துயரம், வெற்றி கிடைக்காததன்று. மாதக்கணக்கான இருட்டுக்குப் பிறகு அவருக்கு ஓர் உறுதி வந்தது: ஆற்றல் இல்லாதவராயினும் உண்மையை விரும்பி இடைவிடாமல் கவனம் செலுத்துகிற எவரும் அங்கே நுழைய முடியும். 1942-ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த 14 வயதுப் பெண்ணின் கண்டுபிடிப்பு. போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளின் வயதும் ஏறத்தாழ அதுவே.

கவனம் என்று அவர் எதைச் சொல்கிறார் என்பதில்தான் கட்டுரையின் கூர்மை. “கவனி” என்று ஆசிரியர் சொன்னதும் பிள்ளைகள் புருவத்தைச் சுருக்குகிறார்கள், மூச்சைப் பிடிக்கிறார்கள், உடம்பை விறைக்கிறார்கள். இரண்டு நிமிடம் கழித்து எதைக் கவனித்தீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அது தசைகளின் உழைப்பு என்கிறார் வெய்ல். கவனம் என்பது எண்ணத்தை நிறுத்திவைத்து, வெறுமையாக, எதிரிலிருப்பது உள்ளே வருவதற்குத் தயாராக வைத்திருப்பது. கணக்கில் நேரும் தவறுகள் பெரும்பாலும் எண்ணம் ஏதோ ஒன்றை அவசரமாகப் பற்றிக்கொள்வதால் வருகின்றன என்றும் சொல்கிறார். நல்ல பயிற்சியாளர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். ‘இது வட்ட நாற்கரக் கணக்கு’ என்று முதல் நிமிடத்திலேயே முடிவு கட்டிய பிள்ளைக்குப் படத்தில் இருக்கிற இருசமபக்க முக்கோணம் கண்ணில் படாது.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் இங்கே தடுமாறுவது நியாயம். இன்னொரு திசையில் முன்னேற்றம் என்பதை யார் அளந்தார்கள்? அளக்க வழியில்லை. ஆனால் வெய்ல் வடிவியலை எடுத்துக்கொண்டதில் ஒரு நேர்மை இருக்கிறது. வெறுமையாகக் காத்திருப்பது பகல் கனவாகவும் முடியலாம். வடிவியலில் அந்த ஏமாற்று செல்லாது. கோடு வந்ததா இல்லையா, சர்வசமம் நிரூபணம் ஆனதா இல்லையா என்பதில் மழுப்ப இடமில்லை. எதிரிலிருக்கும் பொருள் விட்டுக்கொடுக்காமல் நிற்பதால்தான் அதன் முன் காத்திருப்பது பழக்கமாக உறுதிப்படுகிறது. விடையைப் பொருட்படுத்தாத வடிவியலால் பிரார்த்தனைக்கும் பயனில்லை.

எடோ கால ஜப்பானில் வடிவியலும் பிரார்த்தனையும் ஒரே பலகையில் இருந்தன. வட்டங்களும் முக்கோணங்களும் வண்ணத்தில் தீட்டப்பட்ட ‘சங்காகு’ என்ற மரப்பலகைகளைக் கோயில்களில் காணிக்கையாகத் தொங்கவிட்டார்கள். வட்டத்துக்குள் வரையப்பட்ட பலகோணத்தை மூலைவிட்டங்களால் எப்படி முக்கோணங்களாகப் பிரித்தாலும், அவற்றின் உள்வட்ட ஆரங்களின் கூடுதல் மாறாது என்ற தேற்றம் அந்த மரபில் வந்தது. பல பலகைகளில் படமும் முடிவும் உண்டு, நிரூபணம் இராது. தெய்வத்துக்கு நன்றி; அடுத்து வணங்க வருகிறவருக்குச் சவால்.

இன்றைய போட்டியாளர்களில் இயந்திரமும் ஒன்று. 2024 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் விவரிக்கப்பட்ட ஆல்ஃபாஜியோமெட்ரி, பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடின் 30 வடிவியல் கணக்குகளில் 25-ஐத் தீர்த்தது. தர்க்கப் பகுதி முட்டி நிற்கும்போதெல்லாம் மொழி மாதிரி ஒன்று புதிய புள்ளியையோ கோட்டையோ முன்மொழிகிறது. மறுபடி தர்க்கம் ஓடுகிறது. அது படத்தைப் பார்ப்பதே இல்லை. குறியீட்டு வாக்கியங்களை மட்டுமே படிக்கிறது. துணைக்கோடு அகக்காட்சியின் தனிச்சொத்து என்று கான்டைப் பின்பற்றி இனிச் சொல்வது கடினம். வெய்லின் வாதத்துக்கோ இதனால் சேதமில்லை. கோட்டைப் பெறுவதற்காக மட்டுமே அந்த ஒரு மணி நேரம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

அப்படியானால் போட்டிகள் அந்த ஒரு மணி நேரத்தைத் தருகின்றனவா? 1997-இல் தொடங்கிய இளநிலை பால்கன் ஒலிம்பியாடில் நான்கு கணக்குகளுக்கு நான்கரை மணி நேரம். கணக்குக்கு ஒரு மணிக்கும் மேல். சென்னையில் 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 9, 10-ஆம் வகுப்புகளுக்குப் பாஸ்கரர் பெயரில் நடத்தும் தேர்வுக்கும் நம் பிள்ளைகள் இதே வகைக் கணக்குகளில்தான் பழகுகிறார்கள். அவசரம் போட்டியில் இல்லை; போட்டிக்கு முந்தைய மாதங்களில் இருக்கிறது. ஐந்தாம் நிமிடத்தில் தீர்வுப் பக்கத்தைப் புரட்டுவது, ‘இந்த மாதிரி படம் வந்தால் இந்தக் கோட்டைப் போடு’ என்ற பட்டியலை மனப்பாடம் செய்விப்பது. பட்டியல் மதிப்பெண் தரும் என்பது உண்மைதான். லாங்லியின் படத்தின் முன் ஒரு பிள்ளை தனியாக நிற்கவேண்டிய நேரத்தை அது பறித்துக்கொள்கிறது என்பதும் உண்மை.

வெய்லின் கட்டுரையில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு நிபந்தனை உண்டு. தோற்றுப்போன ஒவ்வொரு பயிற்சியையும், பார்க்கவே கூசினாலும், எந்தச் சாக்கும் சொல்லாமல் மெதுவாகத் திரும்பப் பார்த்து ஒவ்வொரு தவறும் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கவேண்டும். அதைச் செய்ய 13 வயதுப் பிள்ளைக்குத் துணை தேவை. விடை வராத தாள்களை வாங்கி, அடித்துவிட்ட கோடுகளையும் சேர்த்து வாசித்து, “இந்த இணைகோட்டை ஏன் போட்டாய், எந்த இடத்தில் கைவிட்டாய்?” என்று கேட்கிற ஆசிரியர் வேண்டும். பூச்சியம் வாங்கி வீடு திரும்பும் பிள்ளையிடம் ‘அந்த ஒரு மணி நேரம் வீணில்லை’ என்று சொல்ல உரிமை உள்ளவர் அந்தத் தாளைப் படித்தவர்தான்.